கறுப்புத் தாளுக்குப் பின்னால் என் முகம்

தொண்ணூறுகளின் கடைசியில் என் மனைவி குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள். தலவாக்கலைச் சந்தைக்கு லீக்ஸ் காய்கறி ஏற்றும் என் பிக்கப் வண்டியை வழியில் பார்ப்பவர்கள் எல்லாம், “அக்கா கடுதாசி போட்டாங்களா அண்ணே?” என்று கேட்பார்கள். கடிதம் வந்து ஐந்து மாதமாகியிருந்தது. யாருக்கும் முகம் காட்டப் பிடிக்காமல், சவர்க்காரத் தண்ணீர் தெளித்து, பக்கத்துக் கண்ணாடிகளிலும் பின்கண்ணாடியிலும் நானே கறுப்பு டின்ட் தாள் ஒட்டினேன். அங்கங்கே குமிழி விழுந்தது. ஆனால் கேள்விகள் நின்றுபோயின.

ஒரு மாலை, பனிமூட்டத்தில் வெறும் வண்டியோடு திரும்பும்போது நெஞ்சு வலித்து மூச்சு அடைத்தது. ஓரமாக நிறுத்தினேன். பின்னால் கொழுந்து எடுத்துவிட்டு வந்த பெண்களின் பேச்சு கேட்டதும், உதவிக்குக் கூப்பிட ஹார்னை அழுத்தினேன்.

“ஒதுங்குங்கடி, கறுப்புக் கண்ணாடி, எஸ்டேட் தொரை வண்டி!” என்றாள் ஒருத்தி.

மறுபடி அழுத்தினேன். இன்னும் தள்ளி, தேயிலைச் செடிகளுக்குள் ஏறி நின்று எனக்கு வழிவிட்டார்கள். கதவின் கைப்பிடியைச் சுற்றிக் கண்ணாடியைப் பாதி இறக்கினேன், தாள் கிழிந்தது.

“ஐயோ, நம்ம செல்வம் அண்ணன்!”

அவர்கள்தான் ஒரு லொறியை மறித்து என்னை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

வீடு திரும்பியதும் மிச்சத் தாளையும் உரித்தேன். அதன் பிறகு மழையில்லாவிட்டால் கண்ணாடியை இறக்கிவிட்டே ஓட்டினேன். யாராவது கேட்டால் வண்டியை நிறுத்தி, “கடுதாசி இன்னும் வரலம்மா” என்று சொல்லிவிட்டுப் போனேன்.