எனக்கு அம்மன் காட்டிக்கொடுத்த என்ஜின்

என் கார் செத்துப்போனது ஆடி மாதத்தில். செத்துப்போனது என்றுதான் சொல்ல வேண்டும். ஏற்காடு பார்க்கப் போன ஒரு குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு மலையிறங்கி வந்தேன். அடிவாரத்தில், கொண்டப்பநாயக்கன்பட்டியில் ஒரு பேக்கரிக்கு எதிரே வண்டி ஒரு முனகல் முனகிவிட்டு நின்றது. பானெட்டைத் திறந்தால் ரப்பர் கருகிய வாடை. சாவியைத் திருப்பினால் டக் என்று ஒரு சத்தம், அதற்கு மேல் ஒன்றுமில்லை. வந்தவர்கள் வேறு வண்டி பிடித்துப் போய்விட்டார்கள். நான் பேக்கரி பெஞ்சில் உட்கார்ந்து, யார் பார்க்கிறார்கள் என்ற நினைப்பே இல்லாமல் அழுதேன்.

வெள்ளிக்கிழமை விளக்குப் பூஜையில் என் பக்கத்தில் உட்காரும் சகோதரிகளுக்கு என்னைத் தெரியும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். என் பெயர் மல்லிகா. ஊர் எடப்பாடி. என் வீட்டுக்காரர் விசைத்தறி ஓட்டுகிறார். தறிச் சத்தத்தில் அவருக்குப் பாதிக் காது போய்விட்டது. நான் வாடகைக்குக் கார் ஓட்டுகிறேன். எனக்கு வருவது பெரும்பாலும் ஆஸ்பத்திரி சவாரிதான். பெண் ஓட்டுகிறாள், நிதானமாகப் போவாள் என்று நோயாளிகள் வீட்டில் என்னைக் கூப்பிடுவார்கள். அவர்களில் குமார் என்று ஒரு தம்பி. நெசவு வேலை. சின்ன வயது, இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. வாரம் இரண்டு முறை சேலத்துக்கு டயாலிசிஸுக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவருவேன். திரும்பும்போது பின் சீட்டில் கால் நீட்டிப் படுத்துக்கொண்டு வருவார்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நான் யாரையும் லேசில் நம்புகிறவள் இல்லை. காய்கறிக் கடையில் தராசைப் பார்ப்பேன். பெட்ரோல் பங்கில் இறங்கி நின்று மீட்டரைப் பார்ப்பேன். என் வீட்டுக்காரருக்கு நேர்மாறான குணம். யாரைப் பார்த்தாலும் அவருக்கு நல்லவர்தான்.

வண்டியைக் கட்டி இழுத்து வந்து அவருடைய பள்ளிக்கூட நண்பர் பழனிசாமியின் பட்டறையில் விட்டோம். பழனிசாமி பிரித்துப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"என்ஜின் ஹெட்டு விரிசல் உட்டிருச்சுங்க அக்கா. பிஸ்டன் ஒட்டிக்கிச்சு. தண்ணி இல்லாம ஓட்டிப்போட்டீங்க."

"சூட்டு முள்ளு ஏறவே இல்லையே. அது எப்படி?"

"தண்ணி இருந்தாத்தானுங்க முள்ளு காட்டும்? மலை எறங்கயிலயே ரேடியேட்டர் ஓஸ் கிழிஞ்சு மொத்தமும் போயிருக்குது."

எனக்கு இது நம்பும்படியாக இல்லை. சூடானால் முள் ஏற வேண்டும், அதற்குத்தானே அது இருக்கிறது. கார் ஸ்டாண்டில் இருந்த டிரைவர்களைக் கேட்டேன். பழனிசாமி சொல்வது சரி என்றார்கள். அப்போதும் மனம் ஆறவில்லை. அவர்கள் எல்லோரும் அவரோடு ஒரே கடையில் டீ குடிக்கிறவர்கள்.

"இதை ரிப்பேர் பண்ணி நிறுத்த முடியாதுங்க. ஓடின என்ஜின் ஒண்ணு பாத்து ஏத்திரலாம்" என்றார் பழனிசாமி. நாமக்கல்லில் பழைய வண்டிகளை உடைத்து விற்கும் யார்டு ஒன்று தனக்குத் தெரியும் என்றும் சொன்னார். அவர் அப்படிச் சொன்னதும் என் சந்தேகம் இன்னும் கூடியது. தெரிந்த யார்டு என்றால் கமிஷன் இருக்கும். பிரித்துப் போட்ட என் வண்டியில் இருந்து நல்ல சாமான்களைக் கழற்றிக்கொண்டு ஓட்டைச் சாமானை மாட்டிவிட்டால் எனக்கு எப்படித் தெரியும்? என் மகளின் நகச்சாயத்தை எடுத்துப் போய் ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர், டர்போ என்று ஒவ்வொன்றிலும் ஒரு புள்ளி வைத்துவிட்டு வந்தேன்.

அடுத்த நாள் பழனிசாமி கேட்டார், "ஏனுங்கக்கா, வண்டிக்கெல்லாம் பொட்டு வெச்சுட்டீங்களாட்டா இருக்குது?"

என் வீட்டுக்காரர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த வாரம் குமார் பஸ்ஸில் போனார். திரும்பும்போது தாரமங்கலம் பக்கம் பஸ்ஸிலேயே மயங்கிச் சரிந்துவிட்டதாக அவருடைய மனைவி போனில் சொன்னாள். "அக்கா, வண்டி எப்பங்க வரும்?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. வேறு கார் பிடித்துப் போகச் சொல்லவும் வாய் வரவில்லை. அவர்கள் நிலைமை எனக்குத் தெரியும்.

ஆடி வெள்ளியன்று விரதம் இருந்தேன். காலையில் எங்கள் மாரியம்மன் முன்னால் போய் நின்றேன். மற்றவர்கள் பிள்ளைக்கும் குடும்பத்துக்கும் வேண்டிக்கொண்டிருந்தார்கள். நான் வேண்டியதை மறைக்காமல் சொல்கிறேன். "தாயே, இவர்களில் எவன் என்னை ஏமாற்றுகிறான் என்று எனக்குக் காட்டு. அது போதும்." வேறு எதுவும் கேட்கவில்லை.

அன்று மதியமே நாமக்கல் யார்டுக்குப் போனோம். யார்டுக்காரர் தகரக் கொட்டகைக்குள் நின்ற ஒரு காரைக் காட்டினார். முன்பக்கம் முழுசாக இருந்தது. சாவியைப் போட்டதும் ஒரே திருப்பில் பிடித்துக்கொண்டது. புகை இல்லை, உதறல் இல்லை.

"பாத்தீங்களா? ஒரு வருசமா இப்படியே நிக்குது. இன்னிக்குத்தான் சாவி போடறேன். தூங்கின கொழந்தையாட்டா எந்திரிக்குது பாருங்க" என்றார்.

பழனிசாமி குனிந்து காதுகொடுத்துக் கேட்டார். "நல்ல என்ஜின் தானுங்க அக்கா" என்றார். என் வீட்டுக்காரர் அதற்குள் தலையாட்டிவிட்டார்.

யார்டுக்காரர் என்ஜினை நிறுத்தினார். பேரம் பேச ஆரம்பித்தபோது நான் வெளியே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். வந்து பார்த்தால் பக்கத்தில் நின்ற அதே மாதிரி இன்னொரு காரின் பானெட்டைத் திறந்து வைத்திருந்தார். "இதுவும் அதே என்ஜின் தானுங்க. இது இன்னும் கம்மி. இதையும் வேணும்னா போட்டுக் காட்டறேன். இதுவும் ஒரு வருசமா தொடாத வண்டி" என்றார் அவர். அந்த நேரத்தில் விரதமும் வெயிலும் சேர்ந்து எனக்குத் தலை சுற்றியது. விழாமல் இருக்கக் கையை ஊன்றினேன். கை போய் விழுந்தது அந்த இரண்டாவது காரின் திறந்த பானெட்டுக்குள், என்ஜின் மேல்.

உள்ளங்கை சுட்டுவிட்டது.

இன்னும் சாவியே போடாத வண்டி அது. "இது எப்படிங்க இவ்வளவு சூடா இருக்குது?" என்று கேட்டேன்.

"வெயில் சூடுங்க."

நாங்கள் நின்றது கொட்டகை நிழலில். நாங்கள் வருவதற்கு முன்பே இரண்டு வண்டிகளையும் ஓட்டிச் சூடாக்கி வைத்திருக்கிறார்கள். ஆறிக்கிடக்கும்போது ஸ்டார்ட் செய்தால்தான் பழைய என்ஜினின் வண்டவாளம் தெரியும் என்பது காரோட்டுகிற யாருக்கும் தெரியும். "நாளைக்கு வாரேனுங்க. ஆறினதுக்கப்புறம் என் முன்னால ஸ்டார்ட் பண்ணிக் காட்டுங்க" என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. "வேணும்னா இப்ப எடுங்க. உங்களுக்காகக் காத்துக்கிட்டிருக்க முடியாது" என்றார்.

திரும்பும் வழியில் பழனிசாமி, "எனக்கும் தெரியாதுங்க அக்கா" என்றார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவருக்குத் தெரியுமா தெரியாதா என்று இன்று வரை எனக்குத் தெரியாது.

அம்மன் கேட்டதைக் காட்டிவிட்டாள். ஆனால் கையில் காயமும் மனதில் கசப்பும்தான் மிச்சம். என்ஜின் இல்லை. இனி யாரிடம் போவது?

அடுத்த சில நாட்களில் குமார் போன் செய்தார். "அக்கா, அன்னிக்கு பஸ்ஸுல நான் மயங்கி விழுந்தப்ப பக்கத்து சீட்டுக்காரர்தானுங்க தண்ணி தெளிச்சு உக்கார வெச்சாரு. எப்பவும் போற காரு நின்னுபோச்சுன்னு பேச்சுவாக்குல சொன்னேன். அவரு மச்சான் ஊட்டுல அதே காரு ஒண்ணு இடிபட்டு நிக்குதாமா. என்ஜின் நல்லா இருக்குதுங்கறாரு. நாமக்கல் தாண்டி ஒரு கோழிப்பண்ணை."

எனக்குத் தோன்றிய முதல் நினைப்பு என்ன தெரியுமா? அதை வாய்விட்டே கேட்டுவிட்டேன். "உனக்கு இதுல என்ன தம்பி கெடைக்குது?"

குமார் சொன்னார், "காலை நீட்டிப் படுத்துட்டு வரலாமுங்க அக்கா."

பண்ணைக்காரரின் நம்பரைக் கேட்டு எழுதிக்கொண்டேன்.

பண்ணைக்காரர் பெயர் ராமசாமி. போனில் கேட்டதற்கெல்லாம் ஒற்றை வரியில் பதில் சொன்னார். "வந்து பாருங்க. பேட்டரி கொண்டாந்துருங்க. எங்கிட்ட ஒண்ணும் கேக்காதீங்க." கேட்கக் கூடாது என்றால் என்ன அர்த்தம்? திருட்டு வண்டியா? போலீஸ் தேடும் வண்டியா? "வேண்டாங்க" என்றேன் வீட்டுக்காரரிடம். "போய்ப் பாத்தா என்ன? கோவிலுக்குப் போறவ நீ, உனக்கென்ன பயம்?" என்றார் அவர்.

ஸ்டாண்டில் ஒரு வண்டி பிடித்து, பழனிசாமியையும் பேட்டரியையும் ஏற்றிக்கொண்டு ஒரு காலை நேரம் போனோம். பண்ணைக் கொட்டகைகளுக்குப் பின்னால், வேப்ப மரத்தடியில் கார் நின்றது. முன்பாதி தூசியோடு திறந்து கிடந்தது. பின்பாதியைத் தார்ப்பாய் போட்டு மூடிக் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். ராமசாமி வண்டிக்கு முதுகைக் காட்டி நின்றார்.

"முன்னாடி மட்டும் பாருங்க. பின்னாடி தார்ப்பாயை அவுக்க வேண்டாம்."

"பின்னாடி என்னங்க இருக்குது?"

"ஒண்ணுமில்லீங்க" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய்விட்டார்.

என் வீட்டுக்காரர் ரகசியம் பேசுவதாக நினைத்துக்கொண்டு ஊருக்கே கேட்கும்படி சொன்னார், "ஏதோ மனசுக் கஷ்டமாட்டா இருக்குது. உட்டுரு மல்லிகா." நான் விடவில்லை. ஒன்றுமில்லாததற்கு எதற்கு இத்தனை கயிறு? முடிச்சை அவிழ்க்கக் கை வைத்தேன்.

"அவுருங்க அக்கா. பாத்துப்போட்டே எடுங்க."

வீட்டுப் பக்கமிருந்து ஒரு பையன் வந்துகொண்டிருந்தான். இருபத்தைந்து வயது இருக்கும். இரண்டு கக்கத்திலும் ஊன்றுகட்டை. ஒரு கால் தரையில் படவில்லை. ராமசாமியின் மகன் கார்த்தி.

அவனே முடிச்சை அவிழ்த்தான். பின் சீட் இருந்த இடத்தில் சீட் இல்லை. டிக்கி வந்து முன் சீட்டின் முதுகில் ஒட்டியிருந்தது.

"டோல்கேட் வரிசையில நின்னுட்டிருந்தோமுங்க. பின்னாடி இருந்து லாரி வந்து ஏறிருச்சு. நான் பின்னாடி படுத்துத் தூங்கிட்டிருந்தேன். அப்பாதான் ஓட்டினாரு. அவருக்கு ஒரு கீறல் இல்லை. அதுதான் அவருக்குத் தாங்க முடியலை. அன்னிக்கிருந்து இந்தப் பக்கமே வர மாட்டாரு. பழைய சாமான்காரங்க எத்தனையோ பேரு வந்து கேட்டாங்க, தரலை. பஸ்ஸுல மயங்கின அண்ணனைப் பத்தி மாமா வந்து சொன்னப்ப, நாந்தான் அப்பாகிட்டக் குடுத்துரலாம்னு சொன்னேன். ஆறு மாசம் என்னையும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுத் திரிஞ்சது வாடகைக் காருதானுங்களே."

நான் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"ஒரு குறை இருக்குதுங்க அக்கா" என்றான் கார்த்தி. "காலைல போட்டதும் கொஞ்ச நேரம் கடகடங்கும். இன்ஜெக்டர் ஒண்ணு மாத்தோணும். அதைச் சொல்லாமக் குடுக்கக் கூடாதுன்னு அப்பா சொன்னாரு."

என் வாழ்நாளில் விற்கிறவர் வாயால் குறையைக் கேட்டது அதுதான் முதல் தடவை. இருந்தாலும் பழக்கம் விடுமா? என்ஜின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். ஜில்லென்று இருந்தது.

பழனிசாமி ஆயிலைப் பார்த்து, என்ஜினைக் கையால் சுற்றிப் பார்த்து, பேட்டரியை மாட்டினார். முதலில் பிடிக்கவில்லை. திரும்பத் திரும்பப் போட்டதில் ஒரு கரும்புகையைத் துப்பிவிட்டு எழுந்துகொண்டது. அவன் சொன்னபடியே கடகடவென்றது. பிறகு அடங்கி ஒரே சீராக ஓடியது. சத்தம் கேட்டுக் கொட்டகையில் இருந்த கோழிகள் எல்லாம் கத்தின. தொட்டிப் பக்கம் பார்த்தேன். ராமசாமி இன்னும் திரும்பவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அந்த இடத்தில்தான் எனக்குப் புரிந்தது. ஏமாற்றுகிறவனைக் காட்டு என்றுதான் நான் அம்மனிடம் கேட்டேன். அவள் அதோடு நிறுத்திக்கொள்ளவில்லை. நான் கேட்கத் தெரியாமல் விட்டதையும் சேர்த்துக் கொடுத்தாள். என் கார் நிற்காமல் இருந்திருந்தால் குமார் பஸ்ஸில் போயிருக்க மாட்டார். அவர் மயங்காமல் இருந்திருந்தால் பக்கத்து சீட்டுக்காரர் அவரிடம் பேசியிருக்க மாட்டார். குமாரின் கஷ்டத்தை அம்மன்தான் உண்டாக்கினாள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அந்தக் கஷ்டத்துக்குள்ளும் அவள் வந்து உட்கார்ந்திருந்தாள் என்று சொல்வேன்.

என்ஜினை ஏற்றினோம். புது இன்ஜெக்டரும் போட்டோம். ஆர்.டி.ஓ. ஆபீஸில் என்ஜின் நம்பரைத் துடைத்துப் பார்க்கும்போது, கடைசிச் சந்தேகமாக, நம்பர் ராமசாமியின் ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்துப்போக வேண்டுமே என்று நானும் குனிந்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தேன். ஒத்துப்போனது. கையெழுத்துப் போட ராமசாமியே கார்த்தியோடு வந்திருந்தார். வேலை முடிந்ததும் அவர்களை நானே பண்ணையில் கொண்டுபோய் விட்டேன். வழி நெடுக அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டு வாசலில் இறங்கும்போது, "சத்தம் அதேதானுங்க" என்றார். பிறகு, "நல்லா வெச்சுக்குங்க சாமி" என்றார்.

இப்போது குமார் பழையபடி என் வண்டியில்தான் போய் வருகிறார். மாதம் ஒரு முறை கார்த்தியையும் ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப்போகிறேன். போன மாதம் அவன் ஒற்றைக் கட்டையோடு நடந்தான்.

நான் மாறிவிட்டேனா என்று கேட்பீர்கள். தராசை இன்னும் பார்க்கிறேன். அதை விட மாட்டேன். ஆனால் ஒருவர் பேசாமல் இருந்தால், எதையோ மறைக்கிறார் என்று உடனே முடிவு கட்டுவதில்லை. என்ன வலியோ என்று ஒரு நிமிடம் யோசிக்கிறேன். அந்த ஒரு நிமிடம் அம்மன் எனக்குக் கொடுத்தது.

சகோதரிகளே, நம்பிக்கை முழுசாக வந்த பிறகு அவளிடம் போகலாம் என்று யாரும் காத்திருக்க வேண்டாம். நான் சந்தேகத்தோடுதான் போனேன். நல்ல வார்த்தையாகக்கூட வேண்டிக்கொள்ளவில்லை. அவள் என்னைத் திருப்பி அனுப்பவில்லை. உங்கள் மனதில் இருப்பது எதுவானாலும், பயமோ கோபமோ, அதை அப்படியே அவள் முன்னால் கொண்டுபோய் வையுங்கள். அவள் பார்த்துக்கொள்வாள்.