நாடகக் கம்பெனிக்குக் கிடைக்காத வீடு

திருவனந்தபுரத்தில் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி உதவியாளனாகச் சேர்ந்த முதல் நாளே எனக்கு எரிச்சல் தொடங்கிவிட்டது. எங்கள் புரொபசர் நாடகத் தொழிலைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். ஆனால் ஒரு நாடகம்கூடப் பார்த்ததில்லை.

“நான் கொட்டகைக்குப் போனா நாலு பேர் என்ன சொல்லுவா? நீ போய்ப் பாரு. எல்லாத்தையும் எழுதிண்டு வா,” என்றார்.

ஊருக்குள் தம்பானூரில் அப்போது ஒரு மதுரை நாடகக் கம்பெனி முகாம் போட்டிருந்தது. அதில் ராஜபார்ட், அதாவது கதாநாயகன் வேஷம், கட்டியவர் கனகாம்பாள் என்ற பெண்மணி. டிக்கெட் வசூல், ஒத்திகை, சம்பளம் என்று நான் கேட்டதற்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்னார். மலையாளத்து இடவப்பாதிப் பருவமழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. கடைசியில் அவர் என்னிடம் ஒன்று கேட்டார்.

“ஆம்பளைங்க எங்கேயாச்சும் படுத்துக்குவாங்க, தம்பி. பொம்பளைங்களுக்கு ஊர்ல ஒருத்தரும் வீடு தரமாட்டேங்கிறாங்க. மேடைக்குப் பின்னாடி ஒழுகுற ஓலைக்குக் கீழதான் கெடக்கோம். எம் பிள்ளைக்குக் காய்ச்சல் விடவே இல்ல. இதை எழுதுங்க. காலேஜு சொன்னா கேப்பாங்க.”

யாரிடம் கேட்டீர்கள் என்றேன்.

“கோட்டைக்குள்ள ஒரு வீடு பூட்டியே கெடக்கு. கூத்தாடிக்கு வீடு கிடையாதுன்னு வீட்டுக்காரரு வாசல்லயே சொல்லிட்டாரு.” வீட்டின் அடையாளத்தையும் சொன்னார். அது எங்கள் புரொபசரின் வீடு.

யார் பெயரும் போடாமல், வீடு மறுக்கப்படுவதை மட்டும் எழுதிக் கொடுத்தேன். புரொபசர் அந்தப் பக்கம் முழுவதையும் அடித்துவிட்டார்.

“இது ரிசர்ச் இல்லேடா, பிராது.”

கட்டுரை வாசிப்பு நாளில் ஊர்ப் பெரிய மனிதர்கள் கூடியிருந்தார்கள். ‘நான் நேரில் கண்டவை’ என்று புரொபசர் கூசாமல் ஆரம்பித்தார். நேரில் கண்ட நான் பின்வரிசையில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வாசித்து முடித்ததும் ஒரு வக்கீல், “அந்த ஸ்திரீகள்லாம் எங்கே தங்கறா?” என்று கேட்டார்.

“கொட்டகையிலேயேதான். ஊர் ஊரா அலைஞ்சு பழகினவா. வீடு வாசல்னு அவாளுக்கு ஆசையே கிடையாது,” என்றார் புரொபசர்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்துவிட்டேன்.

“ஆசை இருக்கு சார். உங்க கோட்டை வீட்டைக் கேட்டுண்டு அவா வந்தாளே. நீங்கதானே தரமாட்டேன்னேள்?”

வக்கீல் தலையைக் குனிந்துகொண்டார். புரொபசர் என்னைப் பார்க்காமல் காகிதங்களை அடுக்கினார். என் வேலை அன்றோடு போயிற்று.

கட்டுரை அச்சாகி வந்தபோது, ‘வீடு வாசலில் ஆசையில்லாதவர்கள்’ என்ற வரி அதில் அழகாக இருந்தது. அதற்குள் கனகாம்பாள் காய்ச்சல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நாகர்கோவில் முகாமுக்குப் போய்விட்டார். கோட்டை வீடு பூட்டியே கிடந்தது.

கலைத் தொழிலை ஆராய வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். கேள்வி கேட்க ஒருவர் இடத்துக்குப் போகிறாயா, அதற்கு முன் அவர் உன் வாசலுக்கு வந்தபோது என்ன சொல்லி அனுப்பினாய் என்று யோசித்துப் பார். கட்டுரையில் அதை முதலில் எழுது.