புளியில் ஊறிய அம்மோனைட்

எங்கள் ஊரில் தோண்டினால் மண்தான் வரும். இன்னும் தோண்டினால் தண்ணீர் வரும். வலங்கைமான் பக்கம் பிறந்து வளர்ந்த எனக்குக் கல் என்றால் அம்மி, ஆட்டுக்கல், கோயிலில் சாமி. மூன்றுமே வெளியூரிலிருந்து வந்தவை. அந்த ஊரிலிருந்து போய் நான் நிலவியல் படித்தேன். கேட்ட பாடம் கிடைக்கவில்லை, கிடைத்த பாடம் பிடித்துப்போயிற்று, அவ்வளவுதான்.

படிக்கவைத்தது அக்கா. அப்பாவும் அம்மாவும் போன பிறகு நடவுக்கும் களையெடுப்புக்கும் போனாள். பிறகு கொஞ்சம் நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்து, இன்றைக்கு வரை அவளே பயிர் வைக்கிறாள். நான் என்ன படிக்கிறேன் என்று ஒருநாளும் கேட்டதில்லை. "பாஸாயிட்டியா?" என்பாள், அதோடு சரி. இப்போது நான் ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர். கௌரவம் பெயரில் மட்டும்தான். துறைத்தலைவி எழுதிக்கொடுத்தால்தான் அடுத்த வருஷமும் வேலை.

விடுமுறைக்கு வரும்போதெல்லாம் என் பையில் ஏதாவது ஒரு கல் இருக்கும். "ஊர்ல பொண்ணுங்க சம்பாரிச்சு நகை வாங்கிட்டு வருது. நீ என்னடான்னா கல்லத் தூக்கிட்டு வர்ற" என்று அக்கா வாசலிலேயே ஆரம்பித்துவிடுவாள்.

அந்தப் பொங்கலுக்குக் கொண்டுவந்தது சாதாரணக் கல் இல்லை. துறையிலேயே மிக நேர்த்தியான அம்மோனைட் அது, கடல்பிராணி ஒன்றின் ஓடு கல்லாகிப்போனது. உள்ளங்கை அளவு, சுருள் சுருளாக, ஒவ்வொரு சுருளிலும் மயிரிழை போன்ற வரிகள். விடுமுறையில் பார்த்து வரைந்துகொண்டு வருகிறேன் என்று துறைத்தலைவியிடம் கெஞ்சி வாங்கியிருந்தேன். "கீறல் விழக் கூடாது" என்று அவர் சொன்ன தொனியிலேயே அடுத்த வருஷத்து வேலையும் இருந்தது.

அக்கா கொல்லையில் பொங்கல் அடுப்பு போட்டுக்கொண்டிருந்தாள். வாய்க்கால் களிமண்ணில் உமியைக் கலந்து மிதித்து, ஈரம் காயாத அடுப்பை வழித்துக்கொண்டிருந்தவள், கல்லை எட்டிப் பார்த்தாள்.

"நத்தையா?"

"நத்தை இல்லக்கா. கணவாய் மீனுக்குச் சொந்தக்காரன். அரியலூர்ப் பக்கமெல்லாம் ஒரு காலத்துல கடலா இருந்துச்சு."

"அரியலூர்ல கடலா? சும்மா கத வுடாத."

அன்றைக்குத்தான் முதல்முறையாக, "அது எப்படிக் கல்லாச்சு?" என்று கேட்டாள். இத்தனை வருஷத்தில் ஒரு கேள்வி! விடுவேனா? செத்ததெல்லாம் கல்லாகாது என்று ஆரம்பித்தேன். வரப்பில் செத்த நண்டைக் காக்காயும் எறும்பும் தின்று தீர்த்துவிடும். கண்ணில் படாமல் சட்டென்று வண்டல் மூடினால்தான் பிழைப்பு. மரம் புதைந்தால், மாங்காய்க்குள் உப்பு இறங்குவது போலத் தண்ணீரில் கரைந்த தாது உள்ளே இறங்கி, மரத்தின் ரேகை மாறாமல் கல்மரமாகும். பூச்சி பிசினில் மாட்டினால் பிசினோடு இறுகி, இறக்கை கலையாமல் இருக்கும். சில நேரம் பிராணியே கிடைக்காது, சேற்றில் அது நடந்த தடம் மட்டும் கிடைக்கும்.

"மாடு போயிடும், குளம்படி நிக்கும். அப்படித்தான?" என்றாள் அக்கா.

"அப்படியேதான். ஓடு மட்டும் புதைஞ்சா இன்னொண்ணு நடக்கும், பாரு" என்று அம்மோனைட்டை அடுப்பின் ஈரச் சுவரில் அழுத்தி எடுத்தேன். வரி வரியாகச் சுருள் பதிந்தது. "மண்ணு இறுகுனதும் புளிப்புத் தண்ணி ஊறி ஓட்டக் கரைச்சிடும். இந்தப் பள்ளம் நிக்கும், இது அச்சு. பள்ளத்துல வேற ஏதாவது போய் நெறஞ்சா அது வார்ப்பு."

அவள் காதில் என்ன விழுந்ததோ, "கோலம் மாதிரி அழகா இருக்கே, அப்படியே இருக்கட்டும்" என்றாள். நான் கல்லைக் கழுவி ஜன்னலில் வைத்தேன்.

மறுநாள் போகி. அக்காவுக்குப் புடவை எடுக்கக் கும்பகோணம் போனேன். சாயங்காலம் திரும்பினால் வீடே பளபளக்கிறது. குத்துவிளக்கு, தாம்பாளம், பித்தளைக் குடம் எல்லாம் துலக்கிக் கவிழ்த்திருந்தது. அவற்றின் நடுவில் வழுவழுவென்று ஒரு கல் இருந்தது.

"ஒன் கல்லையும் வுடல. நீ கழுவியும் வரியில மண்ணு ஒட்டிக் கெடந்துச்சு. காலையிலயே புளியும் எலுமிச்சந் தோலும் போட்ட தண்ணியில விளக்கோட ஊறவச்சேன். அழுக்கு நொர நொரயா வந்துச்சு பாரு! அப்புறம் தேங்கா நார வச்சு நல்லா தேச்சேன்" என்றாள், பெருமை தாங்காமல்.

வந்தது அழுக்கு இல்லை, சுண்ணாம்புக்கல் கரைகிற நுரை. கோடிக்கணக்கான வருஷம் தாங்கிய வரிகள் ஒரு பகல் புளித்தண்ணீரில் போய்விட்டன. எனக்குக் கோபம் வந்தால் வாய் நிற்காது. அறிவிருக்கா என்றேன், என் வேலையே போச்சு என்றேன், இன்னும் என்னென்னவோ கத்தினேன். அக்கா புடவைப் பையை மடியில் வைத்துக்கொண்டு, "ஒன் படிப்பையா தேச்சுட்டேன்?" என்று மட்டும் கேட்டாள். கல் போனதை விட அந்தக் கேள்விதான் எனக்கு வலித்தது. இருந்தும் வீம்புக்கு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டேன்.

பொங்கலன்று காலையில் இரண்டு பேரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. பானை பொங்கியபோது "பொங்கலோ பொங்கல்" என்று ஆளுக்கொரு பக்கம் பார்த்துக் கத்தினோம். பால் வழிந்து அடுப்பில் சொய்யென்றது. அது எதுவரை வழிகிறது என்று குனிந்து பார்த்தேன். சுட்டு இறுகிய அடுப்புச் சுவரில், ஒரு வரி குறையாமல், அம்மோனைட் பதிந்திருந்தது.

"அக்கா! அடுப்ப ஒடச்சிடாத!"

"பொங்கல் அடுப்ப யாருடி ஒடப்பா?" என்றாள் எரிச்சலாக. அப்படியாவது பேசினாளே என்றிருந்தது.

குளியலறைக்கு டைல்ஸ் ஒட்டியதில் மிஞ்சிய வெள்ளை சிமெண்ட் வீட்டில் இருந்தது. அடுப்பு ஆறியதும் பள்ளத்தில் எண்ணெய் தடவினேன். சிமெண்டைக் கொழுக்கட்டை மாவு பதத்துக்குப் பிசைந்தேன். சுவர் செங்குத்தாக இருந்ததால் நான் வைத்தால் வழிந்து விழுந்தது. அக்கா என்னைத் தள்ளிவிட்டு உட்கார்ந்து, கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி நிரப்பினாள். மாட்டுப்பொங்கலன்று பெயர்த்து எடுத்தோம். ஒரு பக்கம்தான், ஆனால் அச்சு அசல். அக்கா அதைக் கையில் வாங்கிச் சிரித்துக்கொண்டே அழுதாள். நானும்தான்.

கல்லூரி திறந்த அன்று, வேண்டாம் என்றாலும் கேட்காமல் புதுப்புடவையைக் கட்டிக்கொண்டு கூடவே வந்துவிட்டாள். துறைத்தலைவி முன்னால் நான் வாய் திறப்பதற்குள், "நான்தாங்க தேச்சேன். அவள ஒண்ணும் சொல்லாதீங்க, மேடம். அவளுக்கு இது உசுருங்க" என்றாள்.

மேடம் வழுவழுக் கல்லைப் பார்த்தார், முகம் சுருங்கியது. வார்ப்பைப் பார்த்தார். நடந்ததை முழுவதும் கேட்டார். "வருஷா வருஷம் இதைத்தான் கரும்பலகையில படம் போட்டுச் சொல்றோம். ஓடு கரையும், பள்ளம் நிக்கும், வேறொண்ணு நெறையும். நீங்க செஞ்சே காட்டிட்டீங்க" என்று ஒருவழியாகச் சிரித்தார். இனி ஒரு கல்லும் வெளியே போகாது என்று எனக்குத் தனியாக ஒரு திட்டு விழுந்தது. அந்த வருஷமும் எனக்கு எழுதிக்கொடுத்தார்.

இரண்டும் இப்போது ஆய்வகத்தில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. மாணவர்கள் தேய்ந்த கல்லை அவ்வளவாகத் தொடுவதில்லை, வார்ப்பைத்தான் எடுப்பார்கள். புரட்டியதும் பின்பக்கத்தில் கட்டைவிரல் ரேகை தெரியும். யாருடையது என்று யாராவது ஒருவர் கேட்காமல் இருந்ததில்லை.

"என்னப் படிக்கவச்சவங்களோடது" என்பேன்.

இதை அக்காவிடம் ஃபோனில் சொன்னேன். மூக்கை உறிஞ்சுவது மட்டும் கேட்டது. பிறகு, "ஏண்டி, எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும்டி. காலேஜ் பூரா என்னக் கைநாட்டு ஆக்கிட்டியே!" என்றாள்.