அரைஞாணை அவிழ்த்த வீடு

முதலில் பாவாடை நாடா இறுகும் இடத்தில் ஒரு சிவப்பு வட்டம். ஓரம் தடித்து, நடுவில் தெளிந்து, வளையல்போல இருந்தது. வியர்க்குரு என்று விட்டுவிட்டேன்.

முள்ளிப்பட்டில் எங்களுடையது குழித்தறி. குழிக்குள் காலை விட்டு, அப்பாவும் நானும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பட்டு நெய்வோம். பட்டம் வாங்கிய பிறகும் நானே கேட்டு வாங்கிய இடம் அது. இழை அலையும் என்று மின்விசிறி போடுவதில்லை. உடம்பு வியர்க்காமல் என்ன செய்யும்?

மருந்துக் கடை ட்யூபில் அரிப்பு உடனே அடங்கியது. நிறுத்தியதும் முதுகுவரை படர்ந்தது.

“நெய்யறதவிட சொறியறதுதான் ஜாஸ்தியா கீது. தறிய வுட்டுட்டு ஏதாவது ஆபீசுக்குப் போடி” என்றாள் அம்மா.

எனக்குப் பயம் வந்தது. ஆரணியில் தோல் மருத்துவரைப் பார்த்தேன். தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் வைத்தார். கேட்டதும் எனக்கும் காட்டினார். கிளைவிட்ட இழைகள்!

“இதுவும் நல்லாத்தான் நெய்யுது டாக்டர்.”

சிரித்தார். படர்தாமரை (மேல்தோலில் வளரும் பூஞ்சைத் தொற்று). நான் பூசியதில் இருந்தது ஸ்டீராய்டு (அரிப்பை அடக்கும், பூஞ்சையைக் கொல்லாமல் வளரவிடும்).

“அரிப்பு நின்னாலும் நான் சொல்ற வரைக்கும் மருந்த நிறுத்தாதீங்க. வீட்ல வேற யாருக்கு இருக்கு? ஒருத்தர விட்டாலும் உங்களுக்குத் திரும்ப வரும்.”

அப்பாவை இழுத்துக்கொண்டு போனேன். அவருக்குத் தடிப்பு முழுக்க அரைஞாண் கயிற்றின் தடத்திலேயே இருந்தது. குளித்த ஈரம் காயாத கறுப்புக் கயிறு.

“ஆறுற வரைக்கும் இத எடுத்துடுங்க” என்றார் டாக்டர். அப்பா எழுந்து வெளியே போய்விட்டார்.

வீட்டில் வெடித்தார். “உசுரோட கீறவன் இடுப்புல கயிறு இல்லாம இருப்பானா? எங்கப்பன் செத்தப்போதான் அறுத்தோம்!” அம்மா கண்ணைத் துடைத்தாள்.

“அப்போ நான் தறிய வுட்டு எழுந்துக்கறேன்பா. உன் பக்கத்துல உக்காந்தா எனக்கு ஆயுசுக்கும் இது போவாது.”

அப்பா திண்ணைக்குப் போய் உட்கார்ந்தார். வெகுநேரம் கழித்துக் குழியில் இறங்கினார். கயிற்றைத் தன் கையாலேயே அவிழ்த்தார். அம்மாவிடம் புதுக் கயிறு கேட்டு வாங்கி, நெய்த புடவை சுருளும் படமரத்தில் கட்டினார். நெய்கிறவரின் வயிற்றை ஒட்டி இருக்கும் மரம் அது.

“இதுவும் என் இடுப்புலதான கீது. இப்போ இன்னா, செத்தா பூட்டேன்?”

அம்மா சிரித்துவிட்டாள். எனக்கு அவரைத் தூக்கிச் சுற்ற வேண்டும்போல இருந்தது.

இதே தொல்லையில் இருப்பவர்களுக்கு: ஒரே நாளில் ஆறவில்லை. ஆளுக்கொரு துண்டு, வெந்நீரில் ஊறி வெயிலில் காய்ந்த துணி, மருந்து. அம்மாவுக்கும் லேசாக இருந்தது; மூவரும் சேர்ந்தே மாத்திரை சாப்பிட்டோம், சேர்ந்தே களிம்பு பூசினோம். பக்கத்து வீட்டுத் தறி அக்கா குரலைத் தாழ்த்தி, “உனக்கு எப்படிடி போச்சு?” என்றாள். நான் தெருவுக்கே கேட்கும்படி சொன்னேன்.

இப்போது இடுப்பில் மங்கிய பழுப்பு நிறம் மட்டும். அது போக நாளாகுமாம், ஆகட்டும். உடம்பில் எங்கே ஈரம் தங்கும் என்று இப்போது எனக்குத் தெரியும், அங்கே துடைத்துக் காயவிடுகிறேன். அரிப்பு இல்லாத மதியம் எத்தனை நீளம்! நேற்று இருவரும் எழாமல் நெய்தோம். இழை கண்ணுக்குத் தெரியாமல் போனபோதுதான் பொழுது சாய்ந்ததே தெரிந்தது.