வேப்பனப்பள்ளிப் பசுவும் மூக்கண்டப்பள்ளிப் பெட்டியும்

வேப்பனப்பள்ளிக்கு எப்படிப் போவது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். நான் முதன்முதலில் அங்கே போனது தொண்ணூறுகளின் நடுவில், ஒரு மே மாதம். எல்லாரும் மாம்பழத்துக்காகப் போகும் காலம். நான் போனது ஒரு பசு சினையா இல்லையா என்று அதன் பாலை வைத்தே சொல்ல.

அப்போது எனக்குப் பெங்களூரில் ஓர் ஆய்வகத்தில் வேலை. வீடு ஓசூர் மூக்கண்டப்பள்ளியில். மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவிடமிருந்து ஒரு புரதத்தைப் பிரித்தெடுத்திருந்தோம். சினை நிற்கும்போது பசுவுக்குச் சுரக்கும் ஹார்மோனை அந்தப் புரதம் அடையாளம் கண்டு வினைபுரியும். அதை ஒரு மின்முனையில் பூசினால் ஹார்மோனின் அளவுக்கு ஏற்ப மீட்டரில் முள் ஏறும். இப்படி ஒரு கருவி வெளிநாட்டிலிருந்துதான் வரவேண்டும் என்றார்கள். எங்கள் தெரு முனையில் லேத் பட்டறை வைத்திருந்த அன்வர் பாய் மின்முனைக்கான கூட்டைக் கடைந்து, மீட்டரை வைக்கப் பெட்டியும் செய்து கொடுத்தார். சொல்லிக்கொள்ளப் பெருமையாகத்தான் இருக்கிறது, ஏன் மறைக்க வேண்டும்?

நானும் அன்வர் பாயும் காலை ஆறரைக்கு ஓசூரில் பஸ் ஏறினோம். கிருஷ்ணகிரி சுமார் ஐம்பது கிலோமீட்டர். அங்கிருந்து டவுன் பஸ்ஸில் இன்னும் இருபது. மாங்காய்க் கூடைகளுக்கு நடுவே நெருக்கி உட்கார்ந்தபடி பயணம். புரதம் சூட்டில் கெட்டுவிடும் என்பதால் ஐஸ் போட்ட பிளாஸ்க் என் கையில். பெட்டி அன்வர் பாயின் மடியில். பெட்டியைக் கீழே வைக்கச் சொன்ன கண்டக்டரிடம், "இதுக்கும் ஒரு டிக்கெட் போட்டுக்கோ, கீழ மட்டும் வெக்கச் சொல்லாத" என்றார்.

பசு முனிரத்னம்மாவுடையது. பால் சொசைட்டியில் சொல்லி, காலையில் கறந்த பாலில் ஒரு டம்ளர் எடுத்து வைக்கக் கேட்டிருந்தோம். அந்தச் சீமைப்பசுவுக்கு இரண்டு முறை சினை ஊசி போட்டும் நிற்கவில்லை. மூன்றாவது ஊசி போட்டு மூன்று வாரம் ஆகியிருந்தது. இதுவும் வீண் என்றால் அன்றைக்கே சந்தைக்கு அனுப்பிவிடுவதாக அவர் கணவர் வெங்கடேசப்பா டெம்போவுக்குச் சொல்லிவிட்டார். முனிரத்னம்மாவோ அதைக் கன்றாக வாங்கி வளர்த்தவர். எங்களிடம் தமிழில் பேசுவார், பசுவிடம் தெலுங்கில் பேசுவார்.

கண்ணாடிக் குழாயில் பாலோடு ஒரு திரவத்தைச் சேர்த்துக் குலுக்கினால் கொழுப்பு பிரிந்து மேலே நிற்கும். ஹார்மோன் அதில்தான் இருக்கும். குலுக்கி, பிரித்து, மின்முனையில் விட்டேன். முள் அசையவில்லை.

"நான் அப்பவே சொன்னேன்ல" என்றார் வெங்கடேசப்பா. முனிரத்னம்மா பசுவின் பக்கம் போய் நின்றார். கண்ணாடிக் குழாயை மறுபடி தூக்கிப் பார்த்தேன். விரற்கடை அளவுக்காவது நிற்க வேண்டிய கொழுப்பு நூல் மாதிரி மெல்லிசாக இருந்தது.

"அம்மா, இது கறந்த பால்தானே?"

"கறந்து காய்ச்சினதும்மா. ஊர்லேர்ந்து வர்றவங்களுக்குப் பச்சைப் பாலையா நீட்டுவாங்க? ஆடையெல்லாம் சுத்தமா எடுத்துட்டுத்தான் வெச்சேன்."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. விருந்தாளிக்கு மரியாதை செய்கிறேன் என்று நாங்கள் தேடி வந்ததையே அவர் வழித்து எடுத்துவிட்டார்! உடனே மடியிலிருந்து புதிதாகக் கொஞ்சம் கறந்து தரச் சொன்னேன். வாசலில் டெம்போ வந்து ஹாரன் அடித்தது. இந்த முறை கொழுப்பு தடிப்பாக மேலே நின்றது.

"ஏறுது மேடம், ஏறுது!" அன்வர் பாய் கத்திய கத்தலில் பசுவே மிரண்டது.

முள் ஏறாவிட்டால் சினை இல்லை என்று உறுதியாகச் சொல்லலாம். ஏறினால் பெரும்பாலும் சினைதான், ஆனாலும் இரண்டு மூன்று மாதம் கழித்து மாட்டு டாக்டர் உள்ளே கைவிட்டுப் பார்த்துத்தான் முடிவு சொல்ல வேண்டும் என்று விளக்கினேன். வெங்கடேசப்பா குனிந்து மீட்டரைப் பார்த்தார். பிறகு வெளியே போய் டெம்போவைத் திருப்பி அனுப்பினார். முனிரத்னம்மா பசுவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு தெலுங்கில் என்னவோ சொன்னார். எனக்கு அந்த மொழி வராது. ஆனாலும் கண் கலங்கிவிட்டது.

போகிறவர்களுக்கு: வெயிலுக்கு முன் கிருஷ்ணகிரியைத் தாண்டிவிடுங்கள். திரும்பும் பஸ் நேரத்தை இறங்கும்போதே கேட்டு வையுங்கள். என்னைப் போல ஆராய்ச்சிக்குப் போகிறவர்கள், என்ன வேண்டும் என்பதோடு எப்படி வேண்டும் என்பதையும் சொல்லிவிட்டுப் போங்கள்.

ஆகஸ்டில், சினை உறுதி என்று டாக்டர் சொன்ன மறுவாரம், அன்வர் பாயும் நானும் மறுபடி போனோம். பஸ்ஸை விட்டு இறங்கினால் புளியமரத்தடியில் இருபது பேர், ஆளுக்கொரு தூக்குப் பாலோடு. அவர்களுக்கு முன்னால் வெங்கடேசப்பா நின்று அதட்டிக்கொண்டிருந்தார்:

"வரிசையா நில்லுங்கப்பா, தள்ளாதீங்க. நம்ம மேடம் வந்துட்டாங்க!"