வராந்தாவில் கூப்பிடப்பட்ட பெயர்

அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. தொழிலாளர் நீதிமன்றத்தின் வாசலில் நின்று, வழக்குக்கு உரியவரின் பெயரை மூன்று முறை உரக்கக் கூப்பிடும் சேவகரின் குரல். ஒரு கால் கூடத்துக்குள்ளும் ஒரு கால் வராந்தாவிலுமாக நிற்பார். முதல் இரண்டு முறை ஒரே வேகத்தில் சொல்லிவிட்டு, மூன்றாவது முறை கடைசி எழுத்தை நீட்டி வராந்தாவின் கோடி வரைக்கும் அனுப்பி வைப்பார். பிறகு ஒரு மூச்சு நேரம் காத்திருப்பார். அதற்குள் யாரும் எழுந்து வரவில்லையென்றால் திரும்பி உள்ளே பார்த்துத் தலையசைப்பார். ஒரு மனிதர் ஆண்டுக்கணக்கில் நம்பியிருந்த வழக்கு அத்துடன் முடிந்துபோகும். அன்று காலை அவர் கூப்பிட்ட பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. "அதை மட்டும் சொல்லாதீங்க டீச்சர், கேட்டாலே நாக்குல கசக்குது" என்று ஒருவர் என்னிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

அவரை எல்லோரையும் போல நானும் மாஸ்டர் என்றே அழைத்தேன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இளவயதில் மலையாளக்கரைக்கு வந்து, எங்கள் நகரத்துத் தம்பானூரில் பேருந்து நிலையத்துக்கு அருகே ஒரு ஹோட்டலில் தோசை மாஸ்டராக நின்றவர். நான் இங்கே தமிழர் வாழும் வலியசாலையிலேயே பிறந்து, பள்ளியில் தமிழ் கற்பித்து, ஓய்வு பெற்றவள். தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர்கள் நீதிமன்றத்தில் சாட்சி சொல்ல நேரும்போது அவர்கள் பேச்சை மலையாளமாக்கிச் சொல்ல என்னை அழைப்பதுண்டு. எங்கள் தெருவில் வளர்ந்து வக்கீலான பெண்தான் என்னை இந்த வேலைக்குப் பழக்கியவள். ஒரு மழை நாளில் மாஸ்டரை என் வீட்டுக்கு அழைத்து வந்தவளும் அவளே. ஊதாநிறப் பருத்திப் புடவையின் தலைப்பை ஊசி குத்தி ஒழுங்காக நிறுத்தியிருந்தார் மாஸ்டர். நாற்காலியின் விளிம்பில் மட்டும் உட்கார்ந்தார். முழங்கைக்குக் கீழே தோசைக்கல்லின் சூடு பட்ட பழைய தழும்புகள் வரிசையாக இருந்தன. நான் கொடுத்த காப்பியைக் குடித்து முடித்ததும் டம்ளரைத் தாமே கழுவி வைக்க எழுந்தார். அதைத் தடுக்க எனக்குச் சற்று நேரம் பிடித்தது.

நடந்ததை அவர் சொன்ன விதத்தில் புலம்பல் இல்லை. எத்தனையோ காலம் மனத்துக்குள் வைத்திருந்ததை ஒருநாள் வெளியே எடுத்திருக்கிறார். அரசு அடையாள அட்டையில் தமக்குரிய பெயரையும் பால் அடையாளத்தையும் பதிந்து வாங்கிக்கொண்டு, புடவையில் வேலைக்குப் போயிருக்கிறார். உடன் வேலை செய்த நாகர்கோவில் பையன் ஒருவன், "மாஸ்டரே, இனி உங்கள என்னன்னு விளிக்க?" என்று சிரித்தானாம். "மாஸ்டர்னே விளி மக்கா, தோசை ஒண்ணும் கருகிராது" என்றாராம் இவர். பணியாளர்களின் சிரிப்பு ஒரு வாரத்தில் அடங்கிவிட்டது. முதலாளியின் முகம் மட்டும் மாறவில்லை. குடும்பமாக வருகிறவர்கள் முகம் சுளிக்கிறார்கள் என்று சொல்லி, கல்லிலிருந்து எடுத்துப் பின்கட்டில் பாத்திரம் கழுவ வைத்தார். பிறகு அதற்கும் வர வேண்டாம் என்றார். "பாத்திரம் தேய்க்கது கேவலமில்ல டீச்சர். அதுவும் செஞ்சுதான் கல்லுக்கு வந்தேன். ஆனா என்னைய ஏன் அங்கேருந்து எடுத்தாங்கன்னு ஒருத்தர் முகத்தைப் பாத்துச் சொல்லணும். திரும்ப அந்தக் கல்லு முன்னாடி என்னைய நிப்பாட்டணும்." அவர் கேட்டது அவ்வளவுதான். திருநர்களை வேலையில் பாகுபடுத்தக் கூடாது என்று நாட்டில் சட்டம் இருப்பதை நான் தமிழில் படித்துச் சொன்னேன். இன்னொரு முறை படிக்கச் சொன்னார். "இது அச்சுல வந்ததுதானா?" என்று கேட்டுவிட்டு, அந்த வரியின் மேல் விரலை வைத்துக்கொண்டார்.

விசாரணைக்குக் குறித்த நாளில் மாஸ்டர் சாட்சி சொல்வதாகவும் நான் மொழிபெயர்ப்பதாகவும் ஏற்பாடு. வக்கீலுக்கு அதே காலையில் வேறொரு நீதிமன்றத்திலும் வழக்கு இருந்தது. இது இங்கே அன்றாடம் நடப்பதுதான். வக்கீல் இரண்டு இடங்களுக்கிடையே ஓடிக்கொண்டிருக்க, பெயர் கூப்பிட்டதும் வழக்குக்கு உரியவர் எழுந்து நின்று, வக்கீல் வந்துகொண்டிருக்கிறார் என்று சொன்னால் போதும். வழக்கைச் சற்றுத் தள்ளி எடுத்துக்கொள்வார்கள். "விளிச்சா எழுந்து நிக்கச் சொல்லுங்கோ மாமி, நான் ஓடி வந்துடறேன்" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனாள். எந்தப் பெயரை விளிப்பார்கள் என்பதை அவளோ நானோ யோசிக்கவில்லை. ஹோட்டலின் சம்பளப் பதிவேட்டில் இருந்த பழைய பெயர் தொழிலாளர் அலுவலகத்துக்குப் போய், அங்கிருந்து நீதிமன்றத்துக்கு வந்து, வழக்கின் தலைப்பில் அப்படியே உட்கார்ந்திருந்தது.

முதல் அழைப்பு எழுந்தபோது நான் கூடத்துக்குள் மொழிபெயர்ப்பாளருக்கான பெஞ்சில் இருந்தேன். இரண்டாவதில் எழுந்து நின்று, அவர் வெளியேதான் இருக்கிறார் என்றேன். நான் வழக்கில் யார் என்று கேட்டார்கள். வழக்குக்கு உரியவர் வரட்டும் என்றார்கள். வராந்தாவுக்கு ஓடினேன். தூண் ஓரத்தில் மாஸ்டர் நின்றிருந்தார், கைப்பையை இரண்டு கைகளாலும் மார்போடு அணைத்தபடி. சேவகர் நின்ற இடத்திலிருந்து பத்தடித் தொலைவுகூட இல்லை.

"கூப்பிடறா, வாங்கோ" என்றேன்.

"என்னைய இல்ல டீச்சர்."

"வழக்கு போயிடும்."

"எனக்குத் தெரியுது. காலு நகர மாட்டேங்கு."

மூன்றாவது அழைப்பு எங்கள் இருவரின் தலைக்கு மேலாகக் கடந்து போயிற்று. வக்கீல் கறுப்பு அங்கி பறக்க மாடிப்படி ஏறி வந்தபோது அடுத்த வழக்கின் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். உணவு இடைவேளையில் அந்தச் சேவகரே எங்களைத் தேடி வந்தார். நல்ல மனிதர். "எந்தா டீச்சரே, பேப்பர்ல உள்ளதல்லே எனக்கு விளிக்க பற்றும்?" என்றார், தாளில் இருப்பதைத்தானே கூப்பிட முடியும் என்று மன்னிப்புக் கேட்பது போல. அவர் சொன்னதில் தவறில்லை. அந்தக் கட்டடத்தில் ஒவ்வொருவரும் தம் முன்னே இருந்த தாளைச் சரியாகவே வாசித்தார்கள்.

வழக்கை மீட்க மனுப் போட வேண்டியிருந்தது. கூட்டத்தின் இரைச்சலில் பெயர் காதில் விழவில்லை என்று எழுதுவதுதான் இத்தகைய மனுக்களில் வழக்கம். "கேக்கலன்னு எப்படிச் சொல்லட்டும்? நல்லாத்தான் கேட்டுச்சு" என்று மாஸ்டர் மறுத்துவிட்டார். நடந்ததை நடந்தபடியே எழுதி, அவருக்குரிய பெயரில் வக்கீல் மனுப் போட்டாள். இந்தப் பெயரில் ஒரு பெண்ணைத் தாங்கள் ஒருபோதும் வேலைக்கு வைத்ததில்லை, வழக்கில் சம்பந்தமில்லாத யாரோ மனுச் செய்கிறார் என்று எதிர்த் தரப்பு வாதாடிற்று. மனு தள்ளப்பட்டது. பெயரைத் திருத்தலாம், ஆனால் அதற்கு வழக்கு உயிரோடு இருக்க வேண்டும்; வழக்குக்கு உயிர் வர வேண்டுமானால் பழைய பெயரில் வந்து கேட்க வேண்டும். இதை மாஸ்டருக்குத் தமிழில் விளக்கிச் சொன்னது நான்தான். பல பேருடைய துயரங்களை மொழிபெயர்த்திருக்கிறேன். அன்றைக்குப் போல் சொல்லெடுக்கத் தடுமாறியதில்லை.

அதற்குள் நகரத்தில் அவருக்கு வாடகை அறையும் இல்லாமல் போயிற்று. கல்லாற்றில், பொன்முடிக்குச் சுற்றுலா போகிறவர்கள் நின்று சாப்பிடும் ஒரு சிறு கடையில் சேர்ந்திருந்தார். விதுரா வழியாகப் பேருந்தில் போய் நானும் வக்கீலும் அவரைப் பார்த்தோம். கடைக்கு முன்னால் ஆறு பாறைகளின் மேல் சத்தமிட்டு ஓடிக்கொண்டிருந்தது. மாஸ்டரைக் காணவில்லை. ஒரு நீலத் தார்ப்பாயை இழுத்துக் கட்டி, அதன் பின்னால் அடுப்பை வைத்திருந்தார் கடைக்காரர். தார்ப்பாயின் இடுக்கு வழியே ஒரு கை மட்டும் வெளியே வந்து தோசைத் தட்டுகளை நீட்டிற்று. தழும்புகளைப் பார்த்து அது யாருடைய கை என்று அறிந்தேன். நாங்கள் உள்ளே போனதும் முகம் மலர்ந்து, "இங்க வியாபாரம் கொள்ளாம், நல்லாப் போவுது டீச்சர், மறைஞ்சுகிட்டு வித்தா தோசைக்கு ருசி கூடும் போல" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு பாதியிலேயே நின்றது. நாங்கள் எதுவும் கேட்பதற்கு முன்பே சொன்னார்: "பழைய பேர்லயே போடுங்க. நான் வாரேன். பேரை வச்சு என்ன செய்ய? ஒரு அடுப்பு முன்னாடி ஆளு பாக்க நிக்க முடியலையே."

தயாராகக் கொண்டுவந்திருந்த மனுவில், பழைய பெயரில் கையெழுத்திட வேண்டிய இடத்தை வக்கீல் காட்டினாள். மாஸ்டரின் பேனா தாளின் மேலேயே நின்றது. கை அதை மறந்துவிட்டிருந்தது. கடையில் பொட்டலம் மடிக்கும் பழைய செய்தித்தாளின் ஓரத்தில் ஏழெட்டு முறை எழுதிப் பார்த்தார், பள்ளிக்குப் புதிதாக வந்த பிள்ளையைப் போல. கடைசியாக வந்தது போதும் என்றாள் வக்கீல். அந்தச் செய்தித்தாளை மாஸ்டர் அடுப்பில் போட்டார்.

மறுபடி அந்த வராந்தா, அதே தூண். சேவகர் எங்களைக் கண்டதும் தலை குனிந்தார், ஆனால் கூப்பிட்டார். முதல் அழைப்பிலேயே மாஸ்டர் எழுந்துவிட்டார். "ஆஜர்" என்று அவர் சொன்ன குரலை நான் அதுவரை கேட்டதில்லை. அடிவயிற்றிலிருந்து எடுத்து, முரட்டுத்தனமாக, வேறொருவரிடம் இரவல் வாங்கியது போல இருந்தது அது. பெயருக்கேற்ற குரலில் சொல்லாவிட்டால் அதையும் மறுத்துவிடுவார்களோ என்று அஞ்சியிருக்கிறார். புடவையைப் பார்த்தும் குரலைக் கேட்டும் உள்ளே யாரோ அடக்கிச் சிரித்தார்கள். வழக்கு மீட்கப்பட்டது. வெளியே வந்ததும் வராந்தாக் குழாயில் முகத்தை மீண்டும் மீண்டும் கழுவினார். "உள்ள போனானே ஒருத்தன், அவன் போயிட்டானா பாருங்க டீச்சர்" என்றார். வேடிக்கையாகச் சொன்னார் என்று நினைத்து நிமிர்ந்து பார்த்தேன். அவர் பதிலுக்காகக் காத்திருந்தார். "போயாச்சு" என்றேன். புடவைத் தலைப்பை மீண்டும் ஊசி குத்திச் சரிசெய்துகொண்டு பேருந்துக்கு நடந்தார். நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது அப்போதுதான்.

பெயரைத் திருத்தக் கோரிய மனுவை எதிர்த் தரப்பு இயன்றவரை இழுத்தடித்தது. இறுதியில் உத்தரவு வந்தது: வழக்கின் எல்லாத் தாள்களிலும் மனுதாரருக்குரிய பெயரே இனி இருக்க வேண்டும். செய்தி சொல்லக் கூப்பிட்டால் மாஸ்டரின் கைபேசி அணைந்து கிடந்தது. கல்லாற்றுக்குப் போனோம். தார்ப்பாய் இருந்தது, அதன் பின்னால் வேறு யாரோ நின்றிருந்தார். "அது போயி டீச்சரே. பேக் எடுத்துட்டு ஒரு நாள் காலைல பஸ்ல கேறிப் போயி. எங்கோட்டுன்னு சொல்லல" என்றார் கடைக்காரர். தம்பானூரிலும் ஊர்ப்பக்கத்திலும் விசாரித்தோம். அவரைப் போன்றவர்கள் சேர்ந்து வாழும் வீடுகளிலும் கேட்டோம். தெரிந்தவர் யாருமில்லை. வக்கீல் அவகாசம் கேட்டாள், கொடுத்தார்கள், இன்னொரு முறையும் கொடுத்தார்கள். இதுவே கடைசி என்று சொல்லி ஒரு நாளைக் குறித்தார்கள்.

அந்த நாள் சென்ற மாதம் வந்தது. சேவகருக்கு இப்போது மீசை நரைத்துவிட்டது. விசாரணை தொடங்குமுன் என் பெஞ்சருகே வந்து, தாளிலிருந்த பெயரைத் தாழ்ந்த குரலில் வாசித்துக் காட்டி, "சரியல்லே டீச்சரே?" என்று கேட்டார். சரிதான் என்றேன். அந்தப் பெயரையும் நான் இங்கே எழுதவில்லை. அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் எங்கோ இருக்கிறார் என்றே நினைத்துக்கொள்கிறேன். நான் வெளியே போய்த் தூணருகே நின்றேன். அவர் வாசலுக்கு வந்து, ஒரு கால் உள்ளும் ஒரு கால் புறமுமாக நின்று கூப்பிட்டார். பிசகில்லாமல், ஒவ்வோர் எழுத்தும் துலங்க. இரண்டாவது முறையும் கூப்பிட்டார். மூன்றாவது முறை அந்தப் பெயர் வராந்தாவின் கோடி வரைக்கும் போய், படிக்கட்டில் இறங்கித் தெருப்பக்கம் போயிற்று. எப்போதும் ஒரு மூச்சு நேரம் மட்டுமே காத்திருப்பவர், அன்று உள்ளேயிருந்து மணி அடித்துக் கூப்பிடும் வரை படிக்கட்டைப் பார்த்தபடியே நின்றார்.