ஸ்டெல்லாவின் நெஞ்சில் ஓடிய லாஞ்சு

என் மகள் ஸ்டெல்லாவின் நெஞ்சுக்குள் ஒரு லாஞ்சு ஓடிக்கொண்டிருந்தது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவள் கழுத்தெலும்புக்குக் கீழே கையை வைத்தால், ஓடுகிற விசைப்படகில் இஞ்சின் பெட்டிமேல் கை வைத்த மாதிரி நடுங்கும். நிற்காது. தூங்கினாலும் ஓடும், அழுதாலும் ஓடும்.

இது எழுபத்து மூன்றில். புதுத் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல்லைக் கொட்டிக்கொண்டிருந்த காலம். லாரிப் புழுதியெல்லாம் எங்கள் தெருவில் காயப்போட்ட கருவாட்டில் வந்து படியும். நான் கடலில் முங்கிச் சங்கு எடுக்கிறவன். படிப்பு ஏழாம் வகுப்போடு சரி. வாய் மட்டும் காலேஜ் வரைக்கும் போகும். சவரியா கோவிலில் சாட்சி சொல்ல வந்துவிட்டான் என்று பின்வரிசையில் யாரோ சிரிப்பது எனக்குக் கேட்கிறது. சிரியுங்கள். அந்த லாஞ்சு எதற்கு ஓடுகிறது என்று தெரிகிற வரைக்கும் நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

முதலில் கண்டுபிடித்தது என் மனைவி ரோஸ்லினின் அண்ணன் அந்தோணி மச்சான். பிள்ளையைத் தோளில் போட்டவர் முகம் சுளித்தார்.

"ஏலே மாப்ள, புள்ள நெஞ்சுல என்னமோ உறுமுது."

"அது இஞ்சின் மச்சான். ஒம்ம மருமவ இப்பவே லாஞ்சு வாங்கிட்டா. நாளைக்கு நீரும் நானும் அவகிட்டதான் கூலிக்குப் போவணும்."

தெருவில் போகிறவர்களை எல்லாம் கூப்பிட்டுத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். கடற்கரையில் பிறந்த எங்களுக்கு இஞ்சின் நடுங்கினால் நல்லது, நின்றால்தான் பயம். அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஆனால் பிள்ளைக்கு இரண்டு வயதாகியும் எடை ஏறவில்லை. பால் குடிக்கும்போது நெற்றியெல்லாம் வேர்க்கும். மாதம் தவறாமல் காய்ச்சல், சளி. நாலு எட்டு வைத்தால் உட்கார்ந்துவிடுவாள். உள்ளூர் டாக்டர் குழாயை வைத்துக் கேட்டார். வெகுநேரம் கேட்டார். பிறகு ரோஸ்லினைப் பார்க்காமல் என்னைப் பார்த்து, "மெட்ராஸ்க்குக் கொண்டு போயிரு. தாமதிச்சா தாங்காது" என்றார்.

அன்றைக்குத்தான் என் வாய் அடைத்தது. அன்றிலிருந்து பிள்ளையைத் தூங்கவைக்கும்போதெல்லாம் அவள் நெஞ்சில் கையை வைத்து ஒரே மன்றாட்டுதான். "மாதாவே, இந்த நடுக்கத்த நிறுத்து." வேறு செபம் எனக்கு வரவில்லை.

மெட்ராஸ் ஆஸ்பத்திரி இன்றைக்கும் என் மூக்கில் இருக்கிறது. டெட்டால் வாசனை, வராந்தாவில் அவித்த இட்லி வாசனை, ஜன்னலுக்கு வெளியே ஒரு வாகை மரம். அங்கே குழந்தைகளின் இருதயத்துக்கென்றே ஒரு டாக்டர் கூட்டம் இருந்தது. அதற்குத் தலைவர், நரைத்த மீசைக்காரர். நாங்கள் பெரிய டாக்டர் என்போம். அவர் பின்னாலேயே வருவது டாக்டர் சுகிர்தா. எங்கள் பக்கத்து நாசரேத்துக்காரி, மாதாவைக் கும்பிடாத சபை. ஆபரேஷன் படிக்க வந்தவர். அவர் எது செய்தாலும் பெரிய டாக்டர் பார்த்துத் தலையாட்டிய பிறகுதான் செய்வார். மருந்து எழுதினாலும் அப்படி, ஊசி போட்டாலும் அப்படி. நான் சும்மா இருப்பேனா? பாதி டாக்டர் என்று பெயர் வைத்துவிட்டேன்.

ஒருநாள் அவர் காதிலேயே விழுந்துவிட்டது.

"பாதி டாக்டர்தான் அண்ணாச்சி. நீங்க பாதி அப்பாவா நிக்காம புள்ள கையப் பிடிங்க, ரத்தம் எடுக்கணும்" என்றார். வார்டே சிரித்தது. ஊர்ப் பேச்சை அங்கே கேட்டதில் ரோஸ்லினுக்குக் கண் கலங்கிவிட்டது.

நோய் என்னவென்று புரியவைத்ததும் அவர்தான். "வயித்துல இருக்கும்போது புள்ளைக்கு மூச்சு கிடையாதுல்லா? அப்ப ரத்தம் போவ குறுக்க ஒரு குழாய் இருக்கும். பொறந்து மூச்சு விட்டதும் அது தானா மூடிக்கிடும். இவளுக்கு மூடல. அதுல ரத்தம் பாயுற நடுக்கந்தான் நீங்க சொல்லுத லாஞ்சு. விலாவைத் தொறந்து, அந்தக் குழாய நூலால கட்டிரணும்."

முங்கும்போது காலில் மாட்டுகிற கல் மாதிரி, மேலே வந்த பிறகு வேண்டாதது. எனக்கு நன்றாகப் புரிந்தது. நூல் கட்டுவதுதானே என்று தைரியமும் வந்தது.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் பெரிய டாக்டர் கட்டிலருகே வந்தார். "நாளைக்கு உங்க குழந்தைக்கு நூல் கட்டப்போறது டாக்டர் சுகிர்தா. நான் கூட இருப்பேன்" என்றார்.

அவர் அந்தப் பக்கம் போனதும் ஸ்டெல்லாவைத் தூக்கித் தோளில் போட்டேன். துணிப்பையை எடுத்தேன்.

"எங்க போறீய?" என்றாள் ரோஸ்லின்.

"ஸ்டேஷனுக்கு. எம்புள்ளய வச்சுப் படிக்கப் பாக்காவ. கேலி பண்ணுனேன்ல, அதான் நெசமாவே பாதி டாக்டர்ட்ட தள்ளி விடுதாவ."

"ஊருக்குக் கொண்டுபோயி என்ன செய்வீய? அங்க முழு டாக்டர் யாரு இருக்கா?"

எங்களோடு மெட்ராஸுக்கு வந்திருந்த மச்சான் பையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். அவர் வாங்கியதும் நான் நின்றேன். ஏன் என்று சொல்கிறேன்.

முத்துக்குளிப்பு எங்கள் அப்பாமார் காலத்தோடு போய்விட்டது. ஆனால் அவர்கள் வைத்த வழக்கம் எங்கள் வீட்டில் சங்குக்கும் இருந்தது. காலில் கல்லை மாட்டி ஒருவன் முங்குவான். தோணியில் ஒருவன் கயிற்றைப் பிடித்திருப்பான். பிடிக்கிறவன் முங்குகிறவனுடைய மனைவியின் அண்ணனோ தம்பியோவாக இருக்கவேண்டும். தங்கச்சி தாலி அவன் கையில் என்று கணக்கு. கயிறு கையில் இருக்கிற வரைக்கும் அவன் பேசக் கூடாது, பீடி பற்றவைக்கக் கூடாது, வெற்றிலை போடக் கூடாது. கடலைக்கூடப் பார்க்கக் கூடாது. கயிற்றைத்தான் பார்க்கவேண்டும். கீழேயிருந்து ஒரு இழுப்பு வந்தால் தூக்கிவிடவேண்டும். கல்யாணமான புதிதில் நான் முதல்முறை முங்கினபோது ஒன்றும் தெரியாத பயல். என்னைக் கரை சேர்த்தது என் சாமர்த்தியம் இல்லை, மேலே கயிறு பிடித்திருந்த மச்சான் கை.

பிள்ளையோடு நேரே பெரிய டாக்டர் அறைக்குப் போனேன்.

"ஐயா, அந்தம்மா நூலு கட்டும்போது நீங்க எங்க இருப்பீய?"

"அவளுக்கு எதிர்ல. அவ கைக்கு நேரா என் கை இருக்கும்."

"வேற எங்கயும் பாக்க மாட்டீயளே?"

"அவ விரலை மட்டும்தான் பாப்பேன்."

"நடுவுல வெத்தல போட எந்திரிச்சுப் போவ மாட்டீயளே ஐயா?"

மனிதர் மீசைக்குள் சிரித்துவிட்டார். "எனக்கு வெத்தலைப் பழக்கமே கிடையாதுப்பா."

"அப்ப சரி. முங்கட்டும்" என்றேன். அவருக்கு என்ன புரிந்ததோ தெரியவில்லை. வெளியே நின்றிருந்த சுகிர்தாவிடம் போனேன். "எம்மா, நீங்க மாதாவுக்கு மெழுகுதிரி ஏத்த மாட்டீய. ஆனா செபம் பண்ணுவீயள்லா?"

"பண்ணாம கத்தியத் தொட மாட்டேன் அண்ணாச்சி" என்றார். அவர் கண்ணும் சிவந்திருந்தது. அவருக்கும் பயம் இருந்தது என்று அப்போதுதான் கண்டேன். அன்றைக்கு அவருக்கும் சேர்த்து வேண்டிக்கொண்டேன்.

காலையில் ஸ்டெல்லாவை சக்கரக் கட்டிலில் தள்ளிக்கொண்டு போனார்கள். கதவு மூடியது. என் வாழ்நாள் முழுக்க நான் கயிற்றின் கீழ்முனையில்தான் இருந்திருக்கிறேன். அன்றைக்கு முதல்முறையாக மேலே உட்கார்ந்திருந்தேன், கையில் கயிறே இல்லாமல். அந்த நிலையை யாருக்கும் கொடுக்காதே தாயே என்றுதான் சொல்லத் தோன்றியது. ரோஸ்லின் சுவரோடு சாய்ந்து செபமாலை சொல்லிக்கொண்டிருந்தாள்.

மச்சான் பீடிக்காரர். மணிக்கொரு கட்டு என்று நான் கேலி பண்ணுவேன். அவர் பெஞ்சில் செபமாலையை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தளரவும் விடாமல், இறுக்கவும் இல்லாமல்.

"மச்சான், வெளியே போயி ஒண்ணு இழுத்துட்டு வாருமே" என்றேன். பேசவில்லை. டீ வந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. கதவைக்கூடப் பார்க்கவில்லை, கையில் இருந்த மாலையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது எனக்கு விளங்கியது. மனிதர் கயிறு பிடித்துக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் உட்கார்ந்து நானும் வாயை மூடிக்கொண்டேன். "மாதாவே, எங்க கை எட்டாது, நீ பிடி" என்று மனசுக்குள் சொன்னேன்.

வாகை மர நிழல் வராந்தாவின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குப் போன பிறகு கதவு திறந்தது. பெரிய டாக்டர் முகமூடியை இறக்கினார்.

"முடிச்சு அவதான் போட்டா. நல்லாப் போட்டா."

மச்சான் மாலையை முத்தமிட்டுச் சட்டைப்பையில் வைத்தார். பிறகுதான் வாய் திறந்தார். "ஏலே மாப்ள, தீப்பெட்டி எங்க?"

மறுநாள் காலையில் எனக்கு முகமூடி கட்டி உள்ளே விட்டார்கள். ஸ்டெல்லா கட்டுப்போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். பழக்கத்தில் அவள் கழுத்தெலும்புக்குக் கீழே கையை வைத்தேன்.

நடுக்கம் இல்லை.

லாஞ்சு நின்றுவிட்டது. என் உயிரும் நின்றுவிட்டது. "எம்புள்ள போயிட்டா! எம்மா! இஞ்சின் நின்னுட்டு!" என்று அலறினேன். நர்சுகள் ஓடிவந்தார்கள். சுகிர்தா ஓடிவந்தார். என்னைத் திட்டவில்லை. தன் கழுத்தில் கிடந்த குழாயை என் காதில் மாட்டி, மறுமுனையைப் பிள்ளை நெஞ்சில் வைத்தார்.

லப் டப். லப் டப். நடுவில் சுத்தமான அமைதி. கடலுக்கு அடியில் கேட்கிற அமைதி.

"இதத்தான அண்ணாச்சி கேட்டீங்க?" என்றார்.

ஆமாம். இதைத்தான் கேட்டேன். எத்தனையோ நாள் அந்த நெஞ்சில் கைவைத்துக் கேட்டதை மாதா கையில் கொடுத்தபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை. கொடுத்தவளைப் பார்த்துக் கத்தியிருக்கிறேன். தரையில் உட்கார்ந்து அழுதேன். அழுகைக்கு நடுவில், "நீங்க முழு டாக்டரும்மா" என்றேன்.

"இன்னும் முக்கால்தான்" என்று சிரித்தார். அப்போதுதான் சொன்னார். கட்டும்போது ரத்தக்குழாய் மெல்லிசாக இருந்ததில் கை தயங்கியதாம். அவர் வாய் திறக்கும் முன்பே எதிரிலிருந்து "நிறுத்து" என்று சத்தம் வந்ததாம். பெரிய டாக்டர் நூலை மாற்றிக் கொடுத்து, "இப்ப கட்டு" என்றாராம். கீழேயிருந்து இழுப்பு வருவதற்கு முன்பே மேலே தெரிந்திருக்கிறது.

ஆறு வருஷம் ஓடிவிட்டது. புதுத் துறைமுகத்துக்குக் கப்பல் வந்து போகிறது. அந்த வராந்தா, அந்த இட்லி வாசனை, மூன்று பேரும் ஒரே போர்வையைப் பங்குபோட்டது, எல்லாம் இப்போது நினைத்தால் நல்ல காலம் போலத் தோன்றுகிறது. அப்போது செத்துக்கொண்டிருந்தோம். இன்றைக்கும் ஸ்டெல்லா தூங்கும்போது என் கை பழக்கத்தில் அந்த நடுக்கத்தைத் தேடும். இல்லை என்று தெரிந்ததும் ஒரு அருள்நிறை மரியே செபம் சொல்லிவிட்டுப் படுப்பேன். முன்பெல்லாம் கோவில் வாசலோடு திரும்புகிற பயல், இப்போது கடலுக்குப் போகுமுன் பூசைக்கு வருகிறேன். கேலியை மட்டும் விடவில்லை. மாதா அதை நிறுத்தச் சொல்லவில்லை.

உங்களில் யாராவது இன்றைக்குக் கையில் கயிறில்லாமல் உட்கார்ந்திருக்கலாம். கீழே முங்கியிருக்கிறவனுக்கு மேலே பிடித்திருப்பவர் முகம் தெரியாது. ஆனாலும் கயிறு அவர் கையில்தான் இருக்கிறது. பயப்படாமல் கேளுங்கள். கிடைக்கும்போது என்னைப் போல அலறாமல் அடையாளம் கண்டுகொள்ளுங்கள்.

நம்பாதவர்கள் வெளியே வாருங்கள். ஸ்டெல்லா கோவில் வாசலில் பையன்களோடு ஓடிப்பிடித்து விளையாடிக்கொண்டிருக்கிறாள். முடிந்தால் பிடித்துப் பாருங்கள்.